ஓராண்டுகூட ஆளவில்லை; ஆனாலும் கோட்டை அவன் பெயரில்!

மயிலம் மலைமீது முருகன் கோயில் கொண்டிருக்கிறான். சூரபத்மன் மயிலாகி, அந்த மயிலே மலையாகிப் படுத்தது என்பது தல புராணம். பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் சாமி கும்பிட்ட கையோடு ஊர் திரும்பாமல், இன்னொரு மலையையும் பார்த்துவிட்டுப் போவது உண்டு.

அதுதான் செஞ்சி மலை!

மயிலத்திலிருந்து திண்டிவனம் வந்து, திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால் 28 கிலோமீட்டர். வழியெங்கும் நெல்வயல், மணிலாக் கொல்லை, பனைமரம். திடீரென்று கருங்கல் குன்றுகள் தலை நீட்டும். யாரோ ராட்சசன் பாறைகளை வாரிக் கொட்டி அடுக்கி வைத்ததுபோல இருக்கும். அந்தப் பாறைகளுக்கு இடையே ஒரு மதில், மலைப்பாம்பு போல வளைந்து வளைந்து ஏறும். பஸ்ஸில் உள்ள பிள்ளைகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, "அதோ, தேசிங்கு ராஜா கோட்டை!" என்று கூவுவார்கள்.

தேசிங்கு ராஜா கோட்டை!

இந்தக் கோட்டையைக் கட்டியவன் தேசிங்கு அல்ல. அவன் இதை ஆண்ட காலம் ஓராண்டுகூட நிறையவில்லை. அவன் தமிழனும் அல்ல. வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரன். ஆனாலும் ஊரார் வாயில் இது அவன் கோட்டைதான். எத்தனையோ பேர் வந்தார்கள், வென்றார்கள், கொடி ஏற்றினார்கள். அவர்களை எல்லாம் ஜனங்கள் மறந்துவிட்டு, தோற்றுப்போன ஒரு வாலிபனை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். ஏன்?

ஆடு மேய்த்தவன் கண்ட புதையல்

கோட்டையின் கதை ஓர் ஆட்டு மந்தையிலிருந்து தொடங்குகிறது.

ஆனந்தக் கோன் என்பவன் இந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தானாம். ஒருநாள் மலைப் பொந்தில் புதையல் கிடைத்தது. அதைக் கொண்டு ஆட்களைச் சேர்த்தான். சுற்றிலும் இருந்த சிறு தலைவர்களை அடக்கினான். மலைமேல் கோட்டை கட்டினான். மலைக்கு ஆனந்தகிரி என்று பெயர் வந்தது. காலம் ஏறத்தாழ கி.பி. 1200. பின்னால் வந்த கிருஷ்ணக் கோன் இன்னொரு மலையைக் காவல் செய்தான். அது கிருஷ்ணகிரி. இப்படிப் பழைய ஏடுகள் கூறுகின்றன.

புதையல் கிடைத்ததோ இல்லையோ, அந்தக் கோன்களுக்கு நல்ல கண் இருந்தது. மூன்று மலைகள் முக்கோணமாக நிற்கின்றன. மேற்கே ராஜகிரி. வடக்கே கிருஷ்ணகிரி. தெற்கே சந்திரகிரி. மூன்றையும் மதிலால் இணைத்துவிட்டால் நடுவில் ஒரு பட்டணமே பத்திரமாக இருக்கலாம். பிற்காலத்தில் அப்படித்தான் நடந்தது. மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே சுமார் 80 அடி அகலத்தில் அகழி!

கோன்களுக்குப் பிறகு செஞ்சி விஜயநகரத்தின் கைக்கு வந்தது. அவர்களுடைய பிரதிநிதிகளான நாயக்கர்கள் இங்கே கொலு இருந்தார்கள். இன்று நாம் பார்க்கும் களஞ்சியங்கள், கோயில்கள், கல்யாண மகால் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் காலத்துப் பெருமை.

1597-ல் பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். அப்போது கிருஷ்ணப்ப நாயக்கன் ஆண்டுகொண்டிருந்தான். இந்தியாவில் தான் கண்ட நகரங்களிலேயே இதுதான் பெரியது; போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று அவர் எழுதி வைத்தார். இன்றைய செஞ்சிக் கடைத்தெருவில் நின்று டீ குடிப்பவர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்!

மூன்று பேர் போதும்!

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படி ஏற ஏற, வாயிலுக்குப் பின் வாயில் வந்து மறிக்கும். ஒரு வாயிலை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே வந்தாலும், அடுத்த வாயில் நேர் எதிரே இருக்காது. திரும்பித்தான் போகவேண்டும். திரும்பும் இடத்தில் மேலிருந்து கல்லும் அம்பும் குண்டும் விழும்.

எல்லாவற்றையும் தாண்டி உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. மலையே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது! பிளவின் அகலம் சுமார் 24 அடி. ஆழம் 60 அடி. இயற்கையாக இருந்த பிளவை மனிதர்கள் இன்னும் வெட்டி ஆழமாக்கினார்கள். அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போகக் காக்கைக்குத்தான் வழி உண்டு. இந்த இடத்தில் மூன்று பேர் நின்றால் ஒரு சேனையையே தடுக்கலாம் என்பார்கள்.

கோட்டைக்குக் கல் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். எத்தனையோ கோட்டைகள் தாகத்தால் சரணடைந்திருக்கின்றன. செஞ்சியைக் கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். மலைமேலேயே சுனைகள் உண்டு. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தேக்கி வைத்தார்கள். கீழே செட்டிக்குளம், சக்கரக்குளம், யானைக்குளம் என்று குளங்கள். எட்டு அடுக்குக் கல்யாண மகாலுக்குச் சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. பெண்மக்கள் குளிப்பதற்கு மகாலின் நடுவிலேயே குளம். மோட்டார் பம்பு இல்லாத காலத்தில் இந்த ஏற்பாடு!

சோற்றுக்கும் கவலை இல்லை. ராஜகிரி அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்துக்குள் நின்று கைதட்டிப் பாருங்கள். எதிரொலி வந்து மோதும். அத்தனை பெரிய கூடம். நெல்லைக் கொட்டிப் பூட்டிவிட்டால் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கலாம்.

குற்றவாளிகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். செட்டிக்குளத்துக்கு அருகே பெரும்பாறைகளுக்கு நடுவில் கிணறு போல ஒரு பள்ளம். அதில் தள்ளிவிட்டால் ஏற வழி இல்லை. பட்டினியால் சாகவேண்டியதுதான். குழந்தைகளுக்கு இதைக் காட்டும் தகப்பன்மார் விவரத்தைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிவாஜியின் மகன் வந்தான்

1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைப் பிடித்தது. 1677-ல் சத்ரபதி சிவாஜி பெரும்படையோடு தெற்கே வந்து, அதைப் பீஜப்பூரிடமிருந்து தன் கைக்குக் கொண்டுவந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. மதில்களைப் பலப்படுத்தினான்; காவலை ஒழுங்குபடுத்தினான். அப்போது பலர், இவ்வளவு தூரத்தில் இந்தக் கோட்டை எதற்கு என்று நினைத்திருக்கலாம். அதற்கு விடை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

1680-ல் சிவாஜி காலமானான். 1689-ல் அவனுடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றுவிட்டான். மராட்டிய ராஜ்யமே ஆட்டம் கண்டது. இளைய மகன் ராஜாராமுக்குப் பத்தொன்பது வயது. பின்னால் முகலாயக் குதிரைப்படை துரத்தி வருகிறது. அவன் வேடம் மாறி, சில துணைவர்களோடு தெற்கு நோக்கிக் கிளம்பினான். வழியில் கேளதி ராணி சென்னம்மா, பாதுஷாவின் கோபத்தையும் பாராமல் அவனுக்குத் தஞ்சம் கொடுத்தாள். கடைசியில் செஞ்சி மலை அவனை வாங்கிக்கொண்டது.

அப்புறம் என்ன? இந்தத் தமிழ்நாட்டு மலைதான் மராட்டியருக்குத் தலைநகர்! 1690-ல் முகலாய சேனாபதி சுல்பிகர்கான் வந்து முற்றுகை இட்டான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 1698 வரை இழுத்தது! மழை வந்தது, பஞ்சம் வந்தது. முற்றுகை இட்டவர்களையே மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து முற்றுகை இட்டன. பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியம் பேசுகிறான் என்று சந்தேகம் வந்து, அவனையே சுல்பிகர்கான் காவலில் வைக்கும்படி ஆயிற்று! கோட்டை விழுந்தபோது உள்ளே ராஜாராம் இல்லை. முன்பே வேலூருக்கு நழுவி, தன் நாடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

கிரேக்கர்கள் டிராய் நகரைப் பத்து ஆண்டுகள் முற்றுகை இட்டதாக ஒரு பழங்கதை உண்டு. அதை நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் செஞ்சியைக் 'கிழக்கு நாட்டு டிராய்' என்று அழைத்தார்கள்.

இதே ராஜாராம் காலத்தில் நடந்த வேடிக்கை ஒன்று. 1690-ல் கடலூருக்கு அருகே இருந்த கோட்டையை இங்கிலீஷ் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லையை எப்படி அளப்பது? கோட்டையில் பீரங்கியை நிறுத்திச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. நில அளவைக்காரர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

புந்தேல்கண்டிலிருந்து ஒரு வாலிபன்

இப்போது தேசிங்கு வருகிறான்.

செஞ்சி முற்றுகையில் முகலாயர் பக்கம் நின்று போரிட்டவர்களில் புந்தேல ராஜபுத்திரர்களும் உண்டு. ஜான்சி ராணியின் புகழால் நாமெல்லாம் அறிந்த ஜான்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் இந்தப் புந்தேலர்கள்தான். 1700 வாக்கில் ஸ்வரூப் சிங் என்ற புந்தேலத் தலைவனிடம் செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப் ஒப்படைத்தான். 1714-ல் ஸ்வரூப் சிங் இறந்தான். அவன் மகன் தேஜ் சிங், தகப்பன் இறந்த செய்தி கேட்டுத் தன் மனைவியோடு வடக்கிலிருந்து புறப்பட்டு வந்தான். தேஜ் சிங் என்ற பெயரைத்தான் நம் ஜனங்கள் 'தேசிங்கு' என்று ஆக்கிக்கொண்டார்கள். வயது இருபத்திரண்டு என்பார்கள்.

வந்தவனுக்கு முன்னால் ஒரு கணக்கு நீட்டப்பட்டது. கேட்டவன் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான். உன் தகப்பன் பல வருஷமாகக் கப்பம் கட்டவில்லை. பாக்கியைக் கட்டு என்றான். தேசிங்கோ, இது பாதுஷா எங்களுக்குக் கொடுத்த கோட்டை. நடுவில் நீ யார் என்றான். ஔரங்கசீப் செத்து ஏழு வருஷம் ஆயிற்று. புதிய பாதுஷாவின் உத்தரவு உன்னிடம் உண்டா என்று நவாப் கேட்டான். அந்த உத்தரவு தேசிங்கிடம் இல்லை.

காகிதத்தைப் பார்த்தால் நவாப் பக்கம்தான் நியாயம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வயது ராஜபுத்திரனுக்குக் காகிதம் பெரிதா, மானம் பெரிதா?

பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ராஜகிரி மேலே ஏறிப் பாலத்தைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ராஜாராம் அப்படி உட்கார்ந்து எட்டு வருஷம் தப்பினானே! தேசிங்கு இரண்டையும் செய்யவில்லை. கோட்டையை விட்டுக் கீழே இறங்கினான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊர். அங்கே மலையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குகைக் கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர்தான் தேசிங்குக்குக் குலதெய்வம் போல. போருக்கு உத்தரவு கேட்டுப் போய் நின்றானாம். வேண்டாம் என்பதுபோலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பெருமாளின் தலை ஒரு பக்கம் திரும்பி இருப்பதற்கு இன்றும் இந்தக் காரணத்தைத்தான் கூறுகிறார்கள். குகைக் கோயில் தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. சிற்பி செதுக்கிய முகம் அது. இருந்தாலும், ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது கேட்பவர் கண் கலங்கும்.

தேசிங்குக்கு உயிர்த் தோழன் ஒருவன் இருந்தான். பெயர் மகபத்கான். நாட்டுப் பாடலில் அவன் பெயர் மோவுத்துக்கான். அவனுக்கு அன்று கல்யாணம். பந்தலில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஓலை வந்தது. கழுத்து மாலையோடு எழுந்து குதிரை ஏறினான் என்று பாடல் சொல்கிறது. எதிரே வருகிறவன் தன் மதத்தைச் சேர்ந்த நவாப். பக்கத்தில் நிற்பவன் ராமனையும் ரங்கனையும் கும்பிடும் ராஜபுத்திரன். மகபத்கான் யோசிக்கவே இல்லை. நண்பன் பக்கம் போனான்.

1714 அக்டோபர் 3-ந் தேதி, செஞ்சிக்குக் கிழக்கே கடலிப் பக்கத்து வெளியில் சண்டை. மழைக்காலம். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். தேசிங்கிடம் சில நூறு பேர். நவாபிடம் பல ஆயிரம். பாராசாரி என்ற தன் குதிரை மேல் தேசிங்கு எதிரிப் படையின் நடுவுக்கே பாய்ந்தான். மகபத்கான் விழுந்தான். தேசிங்கும் களத்திலேயே மாண்டான்.

அவனுடைய வீரத்தைக் கண்டு வென்றவனே மனம் இளகினான். உடலை மரியாதையோடு தகனம் செய்ய உத்தரவிட்டான். செட்டிக்குளத்தின் கரையில் சிதை மூட்டினார்கள். தேசிங்கின் இளம் மனைவி அதே சிதையில் உடன்கட்டை ஏறினாள். அந்தக் கொடிய வழக்கத்தைச் சட்டம் தடுக்க 1829 வரை ஆயிற்று. அந்தப் பெண்ணின் நினைவாக ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில், சாதத்துல்லாகான் ஓர் ஊரை அமைத்தான். அதுதான் ராணிப்பேட்டை!

பெரிய எழுத்துப் புத்தகம்

மறுநாளே தெருப்பாடகர்கள் பாட ஆரம்பித்திருப்பார்கள் போலிருக்கிறது. தேசிங்குராஜன் கதை தமிழ்நாடு முழுவதும் பரவியது. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் 'பெரிய எழுத்து' புத்தகமாக விற்றது. ஒருவர் படிக்க, திண்ணை நிறைய ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் புத்தகம். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' சினிமாவாகவும் வந்தது.

சரித்திரப் புத்தகத்தில் தேசிங்குக்குக் கிடைப்பது சில பக்கம். நீண்ட முற்றுகைக்கும் சிவாஜிக்கும்தான் அத்தியாயங்கள். பாட்டில் அப்படி அல்ல. எங்கிருந்தோ வந்தவன், நம் மண்ணில் செத்தான், நண்பனை விடவில்லை, கோட்டைக்குள் ஒளியவில்லை. ஜனங்களுக்கு அது போதும்.

ஒரே இரவில்!

அதன்பின் செஞ்சிக்கு நல்ல காலம் இல்லை. முகலாயர் எட்டு வருஷம் முட்டி மோதிய கோட்டையை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தான்! காவலர்களிடம் ஒற்றுமையும் உற்சாகமும் இல்லாவிட்டால் 60 அடிப் பிளவு என்ன செய்யும்? ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் இந்த மலை ஒத்துக்கொள்ளவில்லை. பத்து ஆண்டுகளில் 1,200 ஐரோப்பிய வீரர்கள் காய்ச்சலிலும் நோயிலும் மடிந்தார்கள் என்பது கணக்கு. 1761-ல் இங்கிலீஷ்காரர் பிடித்தார்கள். 1780-ல் ஹைதர் அலி பிடித்தான். மைசூர்ச் சண்டைகள் ஓய்ந்ததும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் ஜோத்பூர்க் கோட்டையைப் பார்த்தவர்கள், ஓவியம் தீட்டிய அறைகளையும் பல்லக்குகளையும் பற்றிப் பேசுவார்கள். ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. செஞ்சியில் அப்படி ஒன்றும் இல்லை. ராஜா வாழ்ந்த அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டுமே மிஞ்சியது. வெங்கடரமணர் கோயிலின் அழகான கருங்கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். ஒரு ராஜ வம்சம் தொடர்ந்து இருந்து காப்பாற்றும் பேறு செஞ்சிக்கு இல்லை. இங்கே ஆண்டவர்கள் எல்லோரும் வந்து போனவர்கள்.

இது யார் கோட்டை?

2025 ஜூலை 11-ந் தேதி பாரிஸ் நகரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக்கு இடம் கிடைத்துவிட்டது! 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி.

சந்தோஷத்தோடு ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. கட்டியவன் ஆனந்தக் கோன், வளர்த்தவர்கள் நாயக்கர்கள், மராட்டியர் இருந்தது இருபது வருஷம். பின் எப்படி இது மராட்டியர் கோட்டை என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இருபது வருஷத்தில்தான் ஒரு ராஜ்யத்தின் உயிர் இந்த மலையில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதும் பொய் அல்ல. ராஜகிரி அடிவாரத்தில் சாதத்துல்லாகான் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. சரிவில் கமலக்கன்னி அம்மன் இருக்கிறாள். உச்சியில் ரங்கநாதர் கோயில். பக்கத்துத் திருநாதர் குன்றில் இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒரே பெயர்ப் பலகையில் இவ்வளவு பேரையும் எழுத முடியாது.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை அடுப்பாகக் கொதிக்கும். மாலையில் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். பழப்பை வைத்திருந்தால் குரங்குகளிடம் ஜாக்கிரதை. சுல்பிகர்கானுக்கு இல்லாத சாமர்த்தியம் அவற்றுக்கு உண்டு! மலை ஏற முடியாத பாட்டிமார்கள் கல்யாண மகாலின் நிழலில் உட்காரலாம்.

இறங்கி வரும்போது செட்டிக்குளத்தின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கையும் அவன் மனைவியையும் எரித்த இடம் என்று அதைக் காட்டுகிறார்கள்.